பிஞ்சு ஏன் வெம்புது? மாடித்தோட்டம் கேள்வி பதில்

ஆனி பொறந்தாச்சு, எல்லாரும் ஆடிப்பட்டத்துக்கு பை ரெடி பண்ணிட்டு இருக்கீங்கன்னு கடிதங்களப் பாத்தாலே தெரியுது. ஆனா வந்ததுல பாதிக்கு மேல "என்ன மருந்து அடிக்கலாம்?"ங்கிற ஒரே கேள்விதான். மருந்து சொல்றேன், அதுக்கு முன்னாடி செடிகிட்ட எங்க பாக்கணும், எந்த நேரத்துல பாக்கணும்னும் சேத்து சொல்றேன், ஏன்னா பாதி பிரச்சனைக்கு மருந்தே வேண்டியிருக்காது.

என் மாடியில சுரைக்கொடி பந்தல் நெறைய படர்ந்திருக்கு, பூ கொட்டிக் கெடக்கு, ஆனா பிஞ்சு விரல் அளவு வந்ததும் மஞ்சளாகி வெம்பி உதிர்ந்துடுது. மீன் அமிலம் (மீனும் வெல்லமும் ஊற வச்ச கரைசல்) ரெண்டு தடவ அடிச்சேன், பிரயோஜனம் இல்ல. பக்கத்து வீட்டு பரங்கி மட்டும் நல்லா காய்க்குது. ஏன்?
வாசகி, திருச்சி

மொதல்ல உதிர்ந்த பிஞ்சு ஒண்ண எடுத்து கத்தியால நீளவாக்குல வெட்டிப் பாருங்கம்மா. உள்ள வெள்ளையா சுத்தமா இருந்தா மகரந்தம் சேரல. உள்ள சின்னச் சின்ன வெள்ளப் புழு நெளிஞ்சா, இல்ல தோல்ல ஊசி குத்தின மாதிரி புள்ளியும் அதுலருந்து கோந்து வடிஞ்ச தடமும் இருந்தா அது பழ ஈ. ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற, வெட்டிப் பாக்காம மருந்து அடிச்சா காசு தான் போகும்.

நீங்க எழுதினத பாத்தா மொத காரணம் தான்னு தோணுது, பக்கத்து வீட்டு பரங்கி காய்க்குதுங்கிறதே அதுக்கு துப்பு. பரங்கி, பாகல் எல்லாம் விடியக்காலைல பூக்குற ஜாதி, அந்த நேரத்துல தேனீ சுத்திட்டு இருக்கும், வேலை தானா நடந்துடும். சுரை அப்படி கிடையாது, அதோட வெள்ளப் பூ சாயங்காலம் தான் விரியும், ராத்திரி பூரா தெறந்திருந்து மறுநாள் காலைல வாடிடும், அதுக்கு மகரந்தம் சேத்து வைக்கிறது பெரும்பாலும் ராத்திரி பறக்குற அந்துப்பூச்சிங்க தான். டவுன்ல மூணாவது மாடி வரைக்கும் அந்துப்பூச்சி வந்து சேர்றது கஷ்டம். பீர்க்கும் சாயங்காலம் பூக்குறது தான், புடலையும் பொழுது சாஞ்ச பிறகு தான். நீங்க காலைல எட்டு மணிக்கு காப்பியோட மாடிக்கு போய் பாக்கும்போது சுரைப்பூவுக்கு நேரம் முடிஞ்சே போயிருக்கும்.

அதனால சாயங்காலம் ஆறு மணி வாக்குல போங்க. பூவுக்கு பின்னாடி வெறும் நீட்டுக் காம்பு மட்டும் இருந்தா ஆண் பூ, பூவுக்கு அடியில குட்டி சுரைக்காய் ஒண்ணு மெத்துன்னு ரோமத்தோட இருந்தா பெண் பூ. அன்னிக்கு விரிஞ்ச ஆண் பூ ஒண்ண காம்போட கிள்ளி, இதழ எல்லாம் பிச்சு போட்டுட்டு, நடுவுல இருக்கிற மகரந்தத்த விரல்ல தொட்டுப் பாருங்க, மஞ்சப் பொடி ஒட்டணும். ஒட்டினா அத பெண் பூவோட நடுவுல மூணு பிரிவா இருக்கிற சூல்முடி மேல சுத்தி எல்லா பக்கமும் படுற மாதிரி மெதுவா தடவுங்க, ஒரு பக்கம் மட்டும் பட்டா காய் கோணலா வரும். ஒரு ஆண் பூ ரெண்டு மூணு பெண் பூவுக்கு தாங்கும். ரெண்டு மூணு நாள்ல பிஞ்சு பளபளன்னு பெருக்க ஆரம்பிச்சா காய் பிடிச்சு நின்னுடுச்சுன்னு அர்த்தம்.

ஒருவேளை வெட்டினா புழு இருந்துச்சுன்னா, பிஞ்சு நின்னதும் பழைய வேட்டித்துணியில பை தச்சு காய மூடி கட்டிடுங்க. கடையில பழ ஈ பொறி கேக்கும்போது கொடிக்காய்க்குன்னு சொல்லிக் கேளுங்க, மாமரத்துக்கு வைக்கிறதுல இருக்கிற வாசனை மருந்து வேற, அதுக்கு சுரையில குத்துற ஈ வராது. உதிர்ந்த புழுக்காய கம்போஸ்ட்ல போடவே போடாதீங்க, பாலிதீன் கவர்ல போட்டு இறுக்கி கட்டி நாலு நாள் வெயில்ல போட்டுட்டு அப்புறம் தூக்கிப் போடுங்க.

இன்னொண்ணு, கொடி பந்தல தொட்டதும் நுனிய கிள்ளி விடுங்க. பக்கக் கிளையில தான் பெண் பூ ஜாஸ்தி வரும். மீன் அமிலத்த கொஞ்ச நாள் நிறுத்துங்க, தழைச்சத்து கூடிப்போனா கொடி தான் கொழுக்கும்.

தக்காளி காய் பச்சையா இருக்கும்போதே அடிப்பக்கம் கருப்பாகி தோல் மாதிரி ஆகுது. நோயா? பக்கத்து செடிக்கு பரவுமா?
வாசகர், ஓசூர்

பரவாதுங்க, அது கிருமியே இல்ல. காயோட அடிப்பக்கத்துக்கு சுண்ணாம்புச்சத்து போய் சேராததால வர்றது. மண்ணுல சுண்ணாம்புச்சத்து இல்லேன்னு உடனே முடிவு பண்ணாதீங்க, பெரும்பாலும் இருக்கும், ஆனா அது தண்ணியோட தான் மேல ஏறும். ஒரு நாள் பை காஞ்சு செடி தொங்கிப்போயி மறுநாள் ரெண்டு குடம் ஊத்தினா இந்த ஏத்தம் தடைபடும், இலை உறிஞ்சிக்கும், காய்க்கு பத்தாது. காலைல ஒரு தடவ, கடும் வெயில்னா சாயங்காலம் கொஞ்சம்னு ஒரே சீரா விடுங்க, மேல காஞ்ச இலை இல்ல தென்னை மட்டைத் துண்டு போட்டு மூடாக்கு போடுங்க. விரல ரெண்டாவது கணு வரைக்கும் மண்ணுல விட்டுப் பாருங்க, ஈரம் தட்டினா அன்னிக்கு தண்ணி வேண்டாம்.

முட்டை ஓட்டுத்தூள் போடலாமான்னு கேப்பீங்க, போடலாம், ஆனா அது கரைய மாசக்கணக்கு ஆகும், இப்ப தொங்குற காய்க்கு உதவாது, அடுத்த தடவ பை நிரப்பும்போதே நைசா அரைச்சு கலந்துடுங்க. கோகோபீட் (தென்னை நார்த்தூள்) புதுசா வாங்கினதுன்னா நல்லா ரெண்டு மூணு தண்ணியில அலசித்தானே போட்டீங்க? அதுல உப்பும் சாம்பல்சத்தும் இருக்கும், அலசாம போட்டாலும் இந்த கருப்பு வரும். கருத்த காய கிள்ளிடுங்க, பெருசா இருந்தா கருப்ப வெட்டிட்டு மிச்சத்த சமைக்கலாம், ஒண்ணும் ஆகாது.

வாட்டர் பில்டர்ல இருந்து வெளிய போற தண்ணிய செடிக்கு விடலாமா?
வாசகி, சென்னை

உங்க ஏரியா தண்ணிய பொறுத்தது. டிடிஎஸ் மீட்டர் (தண்ணியில உப்பு எவ்வளவு கரைஞ்சிருக்குன்னு காட்டுறது) சின்னது ஒண்ணு வாங்கி அந்த தண்ணிய அளந்து பாருங்க. 500க்கு கீழன்னா தாராளமா விடுங்க, 1000 தாண்டினா நல்ல தண்ணியோ மழைத்தண்ணியோ சரிபாதி கலக்காம விடாதீங்க, 2000க்கு மேலன்னா பாத்ரூம் கழுவ வச்சுக்கோங்க. பையோட ஓரத்துல வெள்ளையா பூத்திருந்தா உப்பு ஏறிடுச்சுன்னு அர்த்தம், அப்ப நல்ல தண்ணிய அடியில வழியிற வரைக்கும் ஊத்தி அலசி விடணும். பீன்ஸ் உப்ப தாங்கவே தாங்காது, கொத்தவரையும் பீட்ரூட்டும் ஓரளவு தாங்கும்.

மிளகாய் செடி இலை எல்லாம் சுருட்டிக்கிட்டு குட்டையாயிடுச்சு. யூடியூப்ல சொன்ன மோர், பெருங்காயம், இஞ்சி பூண்டு கரைசல் எல்லாம் பண்ணிட்டேன் அண்ணா.
வாசகர், விருதுநகர்

தம்பி, இலை எந்தப் பக்கம் சுருளுதுன்னு எழுதலையே, அதுல தான் விஷயமே இருக்கு. ஓரம் மேல்நோக்கி படகு மாதிரி சுருண்டா இலைப்பேன். ஓரம் கீழ்நோக்கி மடங்கி, இலை ஒல்லியாகி, காம்பு மட்டும் நீண்டு எலி வாலாட்டம் இருந்தா சிலந்தி. சிலந்தின்னா வலை கட்டுறது இல்லப்பா, கண்ணுக்கே சரியா தெரியாத அளவு செடிச்சிலந்தி.

ஒரு வெள்ளப் பேப்பர கொழுந்துக்கு கீழ பிடிச்சு செடிய ரெண்டு தட்டு தட்டுங்க. பேப்பர் மேல மஞ்சளா நூல் துணுக்கு மாதிரி ஓடினா பேன் தான். பேனுக்கு நீல கலர் ஒட்டுப்பொறி மாட்டுங்க, மஞ்சப் பொறி வெள்ளை ஈக்கு. காலைல பைப்ப வச்சு இலையோட அடிப்பக்கம் படுற மாதிரி தண்ணிய வேகமா அடிங்க, சாயங்காலம் ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய். எண்ணெய்ல மொதல்ல கொஞ்சம் சோப்புக் கரைசல விட்டு குலுக்கி பால் மாதிரி ஆனதும் தான் தண்ணியில கலக்கணும், இல்லேன்னா எண்ணெய் மேல மிதந்துட்டு ஸ்ப்ரேயர்ல வெறும் தண்ணி தான் வரும். அடிக்கிறது இலைக்கு அடியில, மேல இல்ல. வாரத்துக்கு ஒரு தடவ, மூணு வாரம் விடாம.

சிலந்தின்னா நனையும் கந்தகம் (தண்ணியில கலந்து அடிக்கிற கந்தகப் பொடி) நல்லா கேக்கும், பாக்கெட்ல போட்டிருக்கிற அளவு மட்டும். ஆனா வேப்பெண்ணெய் அடிச்ச ரெண்டு வாரத்துக்குள்ள கந்தகம் அடிக்கக் கூடாது, உச்சி வெயில்லயும் கூடாது, இலை கருகிடும். இலை மஞ்சளும் பச்சையுமா திட்டு திட்டா இருந்து செடியே நின்னு போச்சுன்னா அது வைரஸ், அதுக்கு மருந்தே கிடையாது. பிடுங்கி எரிச்சிடுங்க, ஆசையா வளத்த செடி தான், மனசு வராது, ஆனா விட்டு வச்சா மத்த செடியும் போயிடும்.

குண்டுமல்லி ரெண்டு வருஷமா தொட்டியில பச்சப்பசேல்னு இருக்கு, பூ மட்டும் அஞ்சாறு தான் பூக்குது. மதுரைக்காரியா இருந்துட்டு மல்லிய கடையில வாங்குறது வெக்கமா இருக்கு!
வாசகி, மதுரை

புவிசார் குறியீடே 2013ல வாங்கின பூவாச்சே உங்க ஊர் பூ, விடலாமா! கத்தரிக்கோல எடுங்க அக்கா, மல்லி புதுசா வர்ற தளிர்ல தான் மொக்கு வைக்கும், பழைய குச்சி எவ்வளவு பசுமையா இருந்தாலும் பிரயோஜனம் இல்ல. வயல்ல குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரத்துல தரையிலருந்து ஒன்றரை அடி விட்டு மொத்தமா கவாத்து பண்ணுவாங்க, அதுக்கப்புறம் உரம் வச்சு தண்ணி விட்டா மார்ச்லருந்து பூ குமியும். முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம், அதையும் இதையும் ஒரே நாள்ல வெட்டாதீங்க.

உங்களுக்கு கார்த்திகை வரைக்கும் காத்திருக்க மனசில்லேன்னா இப்ப ஒவ்வொரு கிளையோட நுனியிலயும் நாலு விரக்கடை வெட்டி விடுங்க, நோஞ்சான் குச்சியும் உள்ள அடைஞ்சு கெடக்கிற குச்சியும் அடியோட எடுத்துடுங்க, ஒரு கைப்பிடி கடலைப்புண்ணாக்கு ஊற வச்சு நல்லா நீர்க்க கரைச்சு ஊத்துங்க, இருவது இருவத்தஞ்சு நாள்ல தளிர் நுனியில மொக்கு தெரியும். ஒரு சுத்து பூத்து முடிஞ்சதும் மறுபடி நுனி வெட்டு. கார்த்திகையில தைரியமா பாதிக்கு மேல வெட்டிடுங்க. அன்னிக்கு செடிய பாத்தா அழுகை வரும், மாசி பங்குனில பாருங்க.

வெயில் ஆறு மணி நேரமாவது விழணும், நிழல்ல வச்சிருந்தா என்ன வெட்டினாலும் இலை தான். மொக்கு ஊதா கலருக்கு மாறி கருகினா மொட்டுப்புழுவோ மொக்கு ஈயோ இருக்கு, அந்த மொக்க பறிச்சு அழிச்சிடுங்க, தொட்டியில விட்டு வச்சா கீழ மண்ணுல போய் திரும்ப ஏறி வரும்.

கறிவேப்பிலை இலை மஞ்சளா வருது, நரம்பு மட்டும் பச்சை. தினமும் மோர் ஊத்துறேன்.
வாசகி, ஈரோடு

இரும்புச்சத்து எடுக்க முடியல அதுக்கு. போர் தண்ணி சுண்ணாம்பா இருக்குமே, பாத்திரத்துல வெள்ளையா படியுமே, அந்த தண்ணி மண்ணையும் மாத்திடும், அப்புறம் மண்ணுல இரும்பு இருந்தாலும் வேரு எடுத்துக்காது. நாட்டு மருந்துக்கடையில அன்னபேதி கேளுங்க, அது இரும்பு உப்பு தான், லிட்டருக்கு 3 கிராம் கரைச்சு அரை எலுமிச்சம்பழம் பிழிஞ்சு இலையில சாயங்காலமா அடிங்க, பத்து நாள் கழிச்சு இன்னொரு தடவ. புது கொழுந்து பச்சையா வரும், பழைய இலை மாறாது, அத பாத்து கலங்காதீங்க. அடிச்ச இலைய ஒரு வாரம் கழிச்சு கழுவிட்டு தாளிங்க. மோர் தினமும் வேண்டாம், வாரம் ஒரு தடவ நல்லா புளிச்சது, பத்து பங்கு தண்ணி கலந்து. சமையலுக்கு ஒவ்வொரு இலையா உருவாதீங்க, கொத்தோட ஒடிங்க, ஒடிச்ச எடத்துல ரெண்டு கிளையா வெடிக்கும்.

பப்பாளியில, செம்பருத்தியில பஞ்சு மாதிரி மாவுப்பூச்சி. எவ்வளவு அடிச்சாலும் பத்து நாள்ல திரும்ப வந்துடுது.
வாசகர், கோவை

உங்க ஊருக்கு இது நல்லா தெரிஞ்ச எதிரி. பப்பாளி மாவுப்பூச்சிய இந்தியாவுல மொதமொதல்ல 2008ல கண்டுபிடிச்சது கோவையில தான். பப்பாளி, மல்பெரி, மரவள்ளின்னு ஒண்ணு விடாம அடிச்சுது, விவசாயிங்க எந்த விஷத்த அடிச்சும் நிக்கல, மேல இருக்கிற மெழுகுப் பூச்சு மருந்த உள்ள விடாது. 2010ல போர்ட்டோ ரிக்கோவுலருந்து அசரோபேகஸ்னு ஒரு குட்டி ஒட்டுண்ணிக் குளவிய கொண்டு வந்து, பெருக்கி, தோட்டம் தோட்டமா விட்டாங்க, வேளாண் பல்கலைக்கழகம் அதுல பெரிய வேலை செஞ்சுது. அந்த குளவி மாவுப்பூச்சிக்குள்ள முட்டை வச்சு உள்ளயிருந்தே தின்னு தீத்துடும். கடும் மருந்து அடிச்சா மொதல்ல சாகறது அந்த குளவி தான், அதனால தான் உங்களுக்கு பத்து நாள்ல திரும்ப வருது.

ஒரு லென்ஸ் இருந்தா பஞ்சுக்குள்ள நல்லா பாருங்க. பழுப்பா ஊதிப்போன உறைஞ்ச பூச்சி கெடந்தா குளவி ஏற்கனவே வேலை பாக்குது, ஒண்ணும் அடிக்காதீங்க. மாவுப்பூச்சிய விட பெருசா, நீட்டு நீட்டு வெள்ளை இழையோட, வேகமா நகர்ற ஒண்ணு இருந்தா அது பொறிவண்டோட குட்டி, மாவுப்பூச்சிய திங்கிறதே அதோட வேலை. நெறைய பேர் அத பெரிய மாவுப்பூச்சின்னு நெனச்சு நசுக்கிடுறாங்க, தயவுசெஞ்சு அத விட்டுடுங்க.

எறும்ப நிறுத்துங்க, அது முக்கியம். மாவுப்பூச்சி விடுற தேன் மாதிரி கசிவுக்காக எறும்பு அதுக்கு காவல் நிக்கும், குளவிய கிட்ட விடாது, ஒரு செடியிலருந்து இன்னொரு செடிக்கு தூக்கிட்டும் போகும். பப்பாளி தண்டுல டேப் ஒண்ணு சுத்தி அது மேல கிரீஸ் தடவுங்க, செம்பருத்தி தொட்டிய தண்ணி ஊத்தின தட்டுல கல்லு வச்சு அது மேல தூக்கி வைங்க, வாரம் ஒரு தடவ தண்ணிய மாத்தலேன்னா கொசு வந்துடும். அதிகமா அப்பிக்கிட்ட நுனிய வெட்டி சோப்புத் தண்ணியில முக்கிடுங்க, மிச்சத்துக்கு தண்ணிய பீச்சி அடிச்சாலே பாதி போயிடும்.

போன வருஷம் பையில இருந்த மண்ண அப்படியே ஆடிப்பட்டத்துக்கு யூஸ் பண்ணலாமா?
வாசகி, தஞ்சாவூர்

பண்ணலாம், ஆனா பழைய செடியோட வேர மொதல்ல பிடுங்கிப் பாருங்க. சின்னச் சின்ன முடிச்சா, மணி கோத்த மாதிரி இருந்தா வேர்முடிச்சு நூற்புழு, அந்த மண்ணுல வெண்டை, கத்தரி, தக்காளி போடாதீங்க. அந்த மண்ண ஈரமாக்கி பரப்பி கண்ணாடி பாலிதீன் ஷீட்டால மூடி நாலஞ்சு வாரம் வெயில்ல வைக்கணும், சித்திரை வெயில்ல பண்ணியிருந்தா ரொம்ப நல்லது, இப்ப முடிஞ்ச அளவு பண்ணிட்டு அந்த பையில ஒரு பட்டம் துலுக்க சாமந்தி போடுங்க, பூவும் ஆச்சு, புழுவும் குறையும். முடிச்சு இல்லாத மண்ணுக்கு மூணுல ஒரு பங்கு மண்புழு உரம், பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு கலந்து பத்து நாள் ஈரத்தோட வச்சுட்டு விதைங்க.

மாடி தாங்குமா? வீட்டுக்காரர் பயப்படுறார், பை வாங்கவே விட மாட்டேங்கிறார்.
வாசகி, சேலம்

அவர் பயப்படுறதுல நியாயம் இருக்கும்மா, கணக்கு போட்டே காட்டுங்க. 12க்கு 12 அங்குல பை ஒண்ணு சுமார் 20 லிட்டர் பிடிக்கும். வெறும் செம்மண் போட்டு தண்ணி ஊத்தினா 35 கிலோவுக்கு மேல வரும், கோகோபீட்டும் மண்புழு உரமும் கூட கலந்து, மண்ணு கொஞ்சமா போட்டா 20 கிலோ சொச்சம். ஆள் நடமாடுற மாடிக்கு இன்ஜினியருங்க வழக்கமா எடுக்குற சுமை ஒரு சதுர மீட்டருக்கு, அதாவது பத்தே முக்கால் சதுர அடிக்கு, சுமார் 150 கிலோ. அப்ப பத்து சதுர அடிக்கு நாலு பைக்கு மேல வைக்காம, பீம் போற வரிசையிலயும் கைப்பிடிச் சுவர் ஓரமாவும் வச்சா பயமில்ல, நடுவுல நெருக்கி அடுக்காதீங்க. பெரிய டிரம்ல எலுமிச்சை, கொய்யா வைக்கணும்னா கட்டாயம் சுவருக்கு நேர் மேல தான். வீடு பழசு, சீலிங்ல கம்பி தெரியுது, மழைக்கு கசியுதுன்னா இன்ஜினியர் ஒருத்தர் வந்து பாக்குற வரைக்கும் ஒரு பை கூட வேண்டாம், தரையில எடம் இருந்தா அங்க வைங்க. எந்த வீடா இருந்தாலும் பைய நேரா தளத்துல வைக்காம செங்கல் மேலயோ ஸ்டாண்ட் மேலயோ வச்சு, அடியில தளம் காயுற மாதிரி விடுங்க.

வாடகை பிளாட், பால்கனியில காலைல மூணு மணி நேரம் தான் வெயில். வெண்டை, தக்காளி வருமா?
வாசகர், பெங்களூரு

ரெண்டும் வெயில் கேக்குற செடி, மூணு மணி நேரத்துல செடி நெட்டையா ஓடும், காய் வராது, உங்களுக்கு தோட்டமே வெறுத்துடும். அந்த வெயிலுக்கு புதினா, பொன்னாங்கண்ணி, வெற்றிலை, கொத்தமல்லி நல்லா வரும். கடையில வாங்குற புதினாவுல தடிமனான தண்டா நாலு எடுத்து கீழ் இலைய கிள்ளிட்டு தண்ணி டம்ளர்ல வைங்க, வெள்ளையா வேர் விட்டதும் அகலமான, ஆழம் கம்மியான தொட்டியில சாய்ச்சு படுக்க வச்சு நடுங்க, ஓடுற கொடி அது, அகலம் தான் வேணும். கொத்தமல்லி விதைய ரெண்டா உடையுற மாதிரி செருப்புக்காலால லேசா தேய்ச்சுட்டு ஒரு ராத்திரி ஊற வச்சு போடுங்க. தொட்டிய வாரத்துக்கு ஒரு தடவ திருப்பி வைக்கணும், இல்லேன்னா எல்லாம் ஒரு பக்கமா சாயும். ஒரு மாசம் கழிச்சு எப்படி வந்திருக்குன்னு எழுதுங்க, அதுக்கப்புறம் அந்த வெயிலுக்கு ஏத்த கீரை இன்னும் ரெண்டு சொல்றேன்.